கம்பி இல்லாத கீபோர்டில் ‘க’ எங்கே?

வயர்லெஸ் என்றால் ஒரு காலத்தில் போலீஸ் ஜீப். வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள்கூட எண்பதுகளின் நடுப்பகுதி வரை தபால் ஆபீசுக்குப் போய் லைசென்ஸ் கட்டணம் கட்டிவிட்டு வந்தார்கள். கம்பியில்லாக் கருவி எதையும் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்ற 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் ராஜ்யம் அது. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. இன்று பாலக்காட்டிலோ தொடுபுழையிலோ கடைக்குப் போய், வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் சேர்ந்த ஓர் அட்டைப் பெட்டியை யாரிடமும் அனுமதி கேட்காமல் வாங்கி வரலாம்.

வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தவர் மூணாறிலோ வண்டிப்பெரியாறிலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருக்கிற தமிழர் என்றால், அவருக்கு முதலில் தோன்றுவது ஓர் ஏமாற்றம். எல்லாம் ஆங்கில எழுத்து. ‘தமிழ் கீபோர்டு இருக்கிறதா’ என்று மறுபடி கடைக்குப் போய்க் கேட்டால், ‘இங்கே கிடைக்காது, கம்பத்தில் கேளுங்கள், பொள்ளாச்சியில் கேளுங்கள்’ என்று மலைக்கு அந்தப் பக்கம் கை காட்டுவார்கள். போடிமெட்டு வளைவுகளில் இறங்கி ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பஸ் காசு மிச்சம்.

கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள். ஆங்கிலக் ‘கே’ அச்சடித்திருக்கும் விசையை அழுத்தினால் அது கம்ப்யூட்டருக்கு அனுப்புவது ‘கே’ என்ற எழுத்தை அல்ல. 14 என்ற எண்ணை. யூஎஸ்பி கீபோர்டுகளுக்கெல்லாம் உலகம் முழுவதும் இதே எண்தான். ‘ஏ’ விசைக்கு 4, ‘பி’க்கு 5 என்று தொடங்கி வரிசையாகப் போகும். கம்பி இருந்தால் கம்பி வழியே, இல்லாவிட்டால் வானொலி அலையாகப் போய், கம்ப்யூட்டரில் செருகிய குட்டி ரிசீவர் வழியே அந்த 14 உள்ளே நுழைகிறது. அதை என்ன எழுத்தாகத் திரையில் காட்டுவது என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் விண்டோஸ் அல்லது லினக்ஸ். ஆங்கிலம் என்று சொல்லி வைத்திருந்தால் ‘கே’. இன்ஸ்கிரிப்ட் முறையில் தமிழ் என்றால் ‘க’. தமிழ்99 முறை என்றால் அதே 14 ‘ம’ ஆகிவிடும். கீபோர்டின் முதுகில் அச்சாகியிருப்பது வெறும் அலங்காரம்.

ஆகவே, தனியாகத் தமிழ் கீபோர்டு என்று கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ‘தமிழ் வருவதற்கு இந்த சாஃப்ட்வேர் போட வேண்டும், அதற்குத் தனி சார்ஜ்’ என்று யாராவது சொன்னால் அதற்கும் அவசியம் இல்லை. விண்டோஸில் 2019ஆம் ஆண்டின் மே மாதப் புதுப்பிப்பிலிருந்து தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. இன்ஸ்கிரிப்ட் அதற்கும் பல வருடங்களுக்கு முன்பே உண்டு. லினக்ஸில் எல்லாமே இலவசம்.

முதலில் பெட்டியில் இருப்பதை ஓட வைப்போம். பாட்டரி வாங்குங்கள், சில பெட்டிகளில் அதுவும் உள்ளே இருக்கும். ஏற்கெனவே பொருத்தி வந்திருந்தால் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்து எறிந்தால்தான் மின்சாரம் பாயும். அடுத்து அந்த ரிசீவர். சுண்டுவிரல் நகம் அளவே இருக்கும் இதைக் காணவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் அது மவுஸின் வயிற்றுக்குள், பாட்டரி போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளத்தில் ஒளிந்திருக்கும். இல்லாவிட்டால் அட்டைப் பெட்டியின் மடிப்புக்குள். பெட்டியைக் குப்பையில் போடும் முன் உதறிப் பாருங்கள். ரிசீவர் தொலைந்தால் அந்தக் கீபோர்டும் மவுஸும் பெரும்பாலும் ஊமைதான். வேறு ரிசீவரோடு ஒத்துப்போகிற மாடல்கள் சிலவே உண்டு.

ரிசீவரைச் செருகி, மவுஸின் அடியில் உள்ள சின்ன சுவிட்சைத் தள்ளினால் சில விநாடிகளில் அம்புக்குறி நகரும். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் டிரைவர் எதுவும் தேவைப்படாது. நகரவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். பாட்டரியின் கூட்டல், கழித்தல் முனைகள் மாறியிருக்கலாம். மேஜையின் மேல் கண்ணாடி போட்டிருக்கலாம். நம் அரசு அலுவலகங்களில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சாமி படமும் லீவு பட்டியலும் வைப்பது வழக்கம். ஒளியைப் பாய்ச்சித் தரையின் நுண்ணிய சொரசொரப்பைப் படித்து நகரும் சாதாரண மவுஸுக்குக் கண்ணாடியில் பிடிமானம் கிடைக்காது. ஒரு பழைய பத்திரிகைத் தாளை மடித்துப் போட்டால் போதும். மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. கம்ப்யூட்டரில் நீல நிற யூஎஸ்பி துவாரம் இருந்தால் அது அதிவேக யூஎஸ்பி-3. அதில் பென் டிரைவோ ஹார்ட் டிஸ்கோ வேலை செய்யும்போது, 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து எழுதியது. ரிசீவரை அதன் பக்கத்துத் துவாரத்தில் செருகாமல் தள்ளி வைத்தால், அல்லது ஒரு முழ நீளக் கம்பி வைத்து மேஜைக்கு மேலே கொண்டுவந்தால், எழுத்து விட்டுப் போவது நிற்கும். வயர்லெஸுக்கே வயர் போட வேண்டியிருக்கிறதே என்று நீங்கள் சிரிக்கலாம்.

புளூடூத் வகை என்றால் ரிசீவர் கிடையாது. கீபோர்டில் உள்ள புளூடூத் பட்டனை விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடித்து, கம்ப்யூட்டரின் புளூடூத் பட்டியலில் அதன் பெயர் வந்ததும் தொட வேண்டும். திரையில் 6 இலக்க எண் ஒன்று வந்தால் அதைப் புதுக் கீபோர்டில் அடித்து என்டர் தட்ட வேண்டும். இதைச் செய்ய ஏற்கெனவே ஒரு மவுஸ் வேண்டுமே என்று கேட்டால், ஆமாம், வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். பழைய கம்பி மவுஸையும் கீபோர்டையும் பரண் மேல் போட்டு வையுங்கள். கம்ப்யூட்டர் ஏதோ கோளாறாகி விண்டோஸ் துவங்கும் முன்பே நின்றுவிட்டால், அந்த நேரத்தில் பல கம்ப்யூட்டர்களுக்குப் புளூடூத் கீபோர்டு கண்ணில் படாது. ரிசீவர் வகை கைகொடுக்கும்.

இந்தக் கம்பியை அறுக்கும் ஆசை பழையது. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மவுஸை உலகுக்குக் காட்டியபோது, அது கம்பி வாலுள்ள பெட்டி. ஐபிஎம் 1983இல் அறிவித்த பிசி ஜூனியரின் கீபோர்டு, டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்பு ஒளியில் பேசியது. நடுவில் காபி டம்ளரை வைத்தால் பேச்சு நின்றுவிடும். வானொலி அலையில் ஓடும் மவுஸை லாஜிடெக் 1991இல் கொண்டுவந்த பிறகுதான் காபிக்கு விடுதலை.

இனி எல்லைப்புறத்துக்கான விஷயம். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்வேஜ்’ பகுதிக்குள் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலம், தமிழ், மலையாளம் என்று சுழன்று வரும். கேரளப் பள்ளிகளில் உள்ள உபுண்டு வகை லினக்ஸில் செட்டிங்ஸ், கீபோர்டு, ‘இன்புட் சோர்சஸ்’. அங்கே தமிழ்99 வேண்டுமென்றால் ‘எம்17என்’ என்ற பெயரோடு வருவதைத் தேர்ந்தெடுங்கள். அதில்தான் உயிர்மெய் சேர்வதும் புள்ளி தானாக விழுவதும் ஒழுங்காக நடக்கும்.

தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் இரண்டில் எதைப் பழகுவது? தமிழ்நாட்டு வாசகர் கேட்டால் யோசிக்காமல் தமிழ்99 என்று சொல்லிவிடலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று 4 தட்டு. தமிழின் இலக்கணத்தையே விசைகளில் பரப்பி வைத்த மாதிரி இருக்கும். இதைவிட வேகமான முறை தமிழுக்கு இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் தேவிகுளத்துப் பிள்ளைக்கும் சித்தூர் தாலுகாப் பிள்ளைக்கும் நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். அந்தப் பிள்ளை தமிழ் மீடியத்தில் படித்தாலும் மலையாளமும் படிக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கேரளத்தில் மலையாளம் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடம். பள்ளிக் கம்ப்யூட்டரில் மலையாளம் அடிக்கச் சொல்லித் தருவது இன்ஸ்கிரிப்ட் முறையில். 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றுக்கொண்ட இந்த முறையின் சூட்சுமம், எழுத்து எந்த லிபியாக இருந்தாலும் ஒலிக்கு ஒரே இடம் என்பது. மலையாளத்தில் க எந்த விசையோ தமிழிலும் அதே விசை. ப, த, ம, ர, ல, வ எல்லாம் அப்படியே. இரண்டு மொழிக்கும் பொதுவான ழ, இரண்டிலும் ‘வி’க்கும் ‘என்’னுக்கும் நடுவே உள்ள விசையை ஷிஃப்டோடு அழுத்தினால் வரும். இந்தியில் ‘ழ’ இல்லையே என்று யாரும் விட்டுவிடவில்லை.

‘அம்மா’வையே எடுத்துக்கொள்வோம். இன்ஸ்கிரிப்டில் அதற்கு ஷிஃப்டும் ‘டி’யும், பிறகு ‘சி’, ‘டி’, ‘சி’. இவ்வளவோடு நிறுத்தினால் மலையாளத்து ‘அம்ம’ முடிந்துவிட்டது. தமிழ் அம்மாவுக்கு இன்னும் ஒரு தட்டு, ஆங்கில ‘இ’ விசையில் உள்ள கால். மொழியை மாற்றும் விசையைத் தட்டிவிட்டு அதே விரல்கள் அதே பாதையில் போகும். தமிழ்99ஐவிட ஒரு தட்டு கூடத்தான். ஆனால் இரண்டு மொழியில் வாழ்கிற பிள்ளைக்கு இரண்டு முறைகளைத் தனித்தனியாகப் பழகுவதைவிட இது மலிவு.

மலையாளத்தில் பழகிய விரல் தமிழில் வழுக்கும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஒலியை இடம் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் ‘வி’ விசையையே தட்டினால் ‘அவன்’ என்பது ‘அவந்’ ஆகிவிடும், ‘மனு’ என்பது ‘மநு’ ஆகிவிடும். ன வேண்டுமென்றால் ஷிஃப்டோடு ‘வி’. இன்னொன்று, மலையாளத்தில் காந்தி, தேவி, ஜனம் எல்லாவற்றிலும் முதல் எழுத்துக்குத் தனித்தனி விசை உண்டு. தமிழில் காந்திக்கும் காக்கைக்கும் ஒரே க. வேறு விசையைத் தேடினால் அங்கே ஒன்றும் இருக்காது. எல்லையோரத் தமிழ் மீடியப் பள்ளியின் ஆசிரியர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் பாதி சிவப்பு மை மிச்சம்.

பழைய டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர்கள் வேறு ரகம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் டைப்ரைட்டருக்கு வகுத்த விசை வரிசையின் வம்சம் அவர்களுடையது. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடித்தே கை பழகியிருக்கும். அவர்களைப் புது முறைக்கு இழுக்க வேண்டாம். டைப்ரைட்டர் வரிசையில் அடித்தாலும் யூனிகோடில் சேமிக்கிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் ஒலிக்குறிப்பாக அடித்துத் தமிழாக்கும் முறையும் பரவலானதுதான். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் அதற்கு நல்ல உதாரணம். நமக்கெல்லாம் அது சௌகரியம். தமிழ் மீடியத்தில் நாலாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, தமிழில் எழுத முதலில் ஆங்கில ஸ்பெல்லிங்கை யோசிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்கெல்லாம் இத்தனை கவலை எதற்கு என்று சென்னையிலோ மும்பையிலோ இருக்கிற வாசகர் கேட்கலாம். பழைய கொச்சி சமஸ்தானத்தின் சித்தூரும், திருவிதாங்கூரின் தேவிகுளமும் பீர்மேடும் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு சேர்ந்தன. அங்கிருந்த தமிழர்களும் சேர்ந்தார்கள். மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் குறையைச் சொல்லி மனுச் செய்யலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும்.

பதில் தமிழில் வர வேண்டுமென்றால் அலுவலகத்தில் யாராவது தமிழில் அடிக்க வேண்டும். இங்கேதான் சட்டம் கீபோர்டில் வந்து முட்டுகிறது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால், மூணாறில் ஒரு ஃபாண்டில் அடித்த தமிழ் மனு திருவனந்தபுரத்துக் கம்ப்யூட்டரில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். அங்கே அந்த ஃபாண்ட் இருக்காது. காகிதத்தில் அச்செடுத்து அனுப்பியதுதான் வழி. தமிழக அரசுகூட யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல்தான். இன்று அந்தச் சாக்கு இல்லை. தேவிகுளத்தில் அடித்தது தில்லியிலும் அதே எழுத்தாகத்தான் திறக்கும். ‘எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் இல்லை’ என்று எந்த அலுவலகமாவது சொன்னால், மேலே சொன்ன செட்டிங்ஸ் வழியைப் பணிவாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஐந்து நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்பது வேறு பிரச்சினை, அதற்கு என்னிடம் விசை இல்லை.

எழுத்து சரியாக அடிபடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டசபையே சாட்சி. 2021 மே மாதம் தேவிகுளம் தொகுதி எம்.எல்.ஏ. ஏ. ராஜா கேரளச் சட்டசபையில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். ஆண்டவன் பெயரால் என்றோ, உளமார என்றோ இருக்க வேண்டிய வார்த்தைகள் அவர் கையில் கொடுக்கப்பட்ட தமிழ் வாசகத்தில் விட்டுப்போயிருந்தன. அந்தப் பிரமாணம் செல்லாது என்றாகி, ஜூன் மாதம் மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. அடித்தவர் விட்டாரா, மொழிபெயர்த்தவர் விட்டாரா, படித்துப் பார்க்க வேண்டியவர் விட்டாரா? எப்படியிருந்தாலும், தமிழைச் சரளமாக அடித்துச் சரிபார்க்கிற கைகள் அந்த அலுவலகங்களில் நாலு கூட இருந்தால் நல்லது.

அந்தக் கைகள் பள்ளியில்தான் உருவாக வேண்டும். அதற்கு வயர்லெஸ் கீபோர்டு உண்மையிலேயே உபயோகப்படும் ஓர் இடம் இருக்கிறது. கேரள அரசின் கைட் நிறுவனம் 2018இல் தொடங்கி 8 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்காக 45,000 வகுப்பறைகளில் லேப்டாப்பும் புரொஜக்டரும் வைத்தது. கம்ப்யூட்டர் பாடப்புத்தகம் தமிழ் மீடியத்துக்குத் தமிழிலேயே உண்டு. ஆனால் லேப்டாப் இருப்பது ஆசிரியர் மேஜையில். முன் பெஞ்சுப் பிள்ளை எழுந்து போய்த் தட்டும்; கடைசி பெஞ்சுப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த லேப்டாப்பில் ஒரு ரிசீவரைச் செருகிவிட்டு, கீபோர்டை மட்டும் சிலேட்டு மாதிரிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பலாம். சாதாரண மாடல்களே ஓர் அறைக்குள் பத்து மீட்டர் வரை எட்டும் என்றுதான் சொல்லி விற்கிறார்கள். பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே தன் பெயரைத் தமிழில் அடிக்கும். சுவரில் ஆளுயரத்துக்கு அது விழும். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம் என்பேன். எழுத்து சுவரில் தெரியும்போது விரலைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பார்க்காமல் பழகியதே நிலைக்கும். வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினால் போதும்.

இதே கருவியை அக்ஷயா மாதிரியான பொது சேவை மையங்களில் வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே அடிபடுவது ஆதார் எண், பாங்க் கணக்கு, பாஸ்வேர்டு. 2016இல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், பல கம்பெனிகளின் ரிசீவர்களில் ஓட்டை இருப்பதைக் காட்டியது. நூறு மீட்டர் தள்ளி நிற்பவர்கூட மவுஸ் பேசுவதுபோல நடித்து, உங்கள் கம்ப்யூட்டரில் தானே விசை தட்டிவிடலாம். மவுஸ் அனுப்பும் தகவலைப் பல கம்பெனிகள் பூட்டுப் போடாமல் அனுப்பியதால் வந்த வினை. பிறகு வந்த மாடல்கள் பலவற்றில் சரிசெய்திருக்கிறார்கள். ஆனால் பெயர் தெரியாத மலிவு மாடலை எந்த நம்பிக்கையில் வைப்பது? ஊரார் பணம் புழங்கும் மேஜையில் கம்பியே மேல். வீட்டிலும் வகுப்பிலும் இந்தப் பயம் அவ்வளவு தேவையில்லை. பாங்க் வேலை செய்யும்போது மட்டும் ரிசீவரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பின் சொந்த விசைகளில் அடியுங்கள்.

கடைசியாகப் பாட்டரி. மூணாறில் ஜனவரிக் காலையில் உறைபனி விழும். அல்கலைன் பாட்டரிக்குக் குளிர் ஆகாது, தெம்பு குறைந்துவிடும். காலையில் எழுத்து விட்டு விட்டு வந்து, வெயில் ஏறியதும் தானே சரியாகிவிட்டால் கீபோர்டு கெடவில்லை. பாட்டரியை ஐந்து நிமிடம் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பாலக்காட்டில் எதிர்த் தொல்லை. ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில், பூட்டிய அறையில் இரண்டு மாத விடுமுறை முழுக்கக் கிடக்கும் பாட்டரி கசிந்து, உள்ளே உள்ள ஸ்பிரிங்கைப் பச்சையாக அரித்துவிடும். இடுக்கியில் அந்த வேலையை ஜூன் மழையின் ஈரம் செய்யும். பள்ளி மூடும் நாளில் பாட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள், ரிசீவரை மவுஸின் வயிற்றிலேயே திருப்பிச் செருகிவிடுங்கள். ஏற்கெனவே பச்சை பூத்திருந்தால் ஒரு துணியில் இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புது பாட்டரி போடலாம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும்.